எலுமிச்சை பண்ட் கேக்: வாசமும் இல்லை, டின்னை விட்டும் வரவில்லை

கேள்வி, அக்டோபர் 28 (மதுரையிலிருந்து ஒரு தங்கை)

"அக்கா, நடுவுல குழாயும் சுத்தி மடிப்புமா இருக்கிற பண்ட் டின் வாங்கி ரெண்டு தடவை எலுமிச்சை கேக் போட்டுட்டேன். முதல் தடவை நாலு பழம் பிழிஞ்சு ஊத்தினேன், வாசமே இல்லை. அடுத்த தடவை எட்டுப் பழம். லேசாப் புளிச்சுது, கேக் களி மாதிரி அமுங்கிப்போச்சு. ரெண்டு தடவையும் பூப்பூவா இருக்கிற மேல்பக்கம் டின்னிலேயே ஒட்டிக்கிச்சு. எசன்ஸ் ஊத்தாம வாசம் வரவே வராதா? இதெல்லாம் நமக்கு ஒத்துவராதுன்னு வீட்டுல சொல்றாங்க."

அக்டோபர் 28, இரவு 10.15

ஒத்துவரும். எசன்ஸ் வேண்டாம். சாற்றைக் குறை, தோலைத் துருவிப் போடு. வாசம் மஞ்சள் தோலில்தான் இருக்கிறது, சாற்றில் இருப்பது புளிப்பு மட்டும். டின் முழுக்க வெண்ணெயைத் தாராளமாகத் தடவி, மைதா தூவித் தட்டிவிடு. 180 டிகிரி, 50 நிமிடம். மீதியை நாளை எழுதுகிறேன்.

அக்டோபர் 29, காலை 7.00

இரவு அவசரமாக எழுதிவிட்டுப் படுத்தேன். படுத்த பிறகுதான் தோன்றியது, இதை நம் வீட்டுச் சமையலை வைத்தே சொல்லியிருக்கலாம் என்று. எலுமிச்சை சாதத்துக்கு எப்போது சாறு பிழிகிறோம்? தாளித்து, அடுப்பை அணைத்து, கொஞ்சம் சூடு அடங்கிய பிறகுதான். எலுமிச்சை ரசத்துக்கும் இறக்கிவைத்த பிறகுதான். கொதிக்கும்போது பிழிந்தால் அம்மா கரண்டியாலேயே ஒரு போடு போடுவார். "வாசம் போயிரும், கசந்து கிடக்கும்" என்பார். அதே சாற்றை ஒரு மணி நேரம் ஓவனில் வைத்து வேகவிட்டால் என்ன மிஞ்சும்?

தோல் அப்படியில்லை. மஞ்சள் தோலை வெளிச்சத்தில் பிடித்துப் பார், ஊசிமுனை அளவுக்குப் புள்ளி புள்ளியாகத் தெரியும். ஒவ்வொன்றும் ஓர் எண்ணெய்ப் பை. லிமோனீன், சிட்ரால் என்று வாசம் தருகிற சரக்கெல்லாம் அதில்தான் இருக்கிறது. அது எண்ணெய் என்பதால் கேக்கிலிருக்கும் வெண்ணெயில் கரைந்து உள்ளேயே தங்கிவிடும். சாற்றின் வாசம் நீராவியோடு போய்விடும். அதன் புளிப்பையும் பாதி சமையல் சோடா தின்றுவிடும்.

உன் எட்டுப் பழ கேக் அமுங்கியதும் இதனால்தான். சாறு கூடினால் தண்ணீர் கூடுகிறது. சோடாவும் கிண்ணத்திலேயே பொங்கித் தீர்ந்துபோகிறது, ஓவனுக்குள் போகும்போது தூக்கிவிட ஆள் இல்லை. கேக் வெளுத்துப்போய் இருந்திருக்குமே? புளிப்பு அதிகமான மாவு சிவக்காது.

ஆக, அடுப்புக்குள் தோல், அடுப்பை விட்டு இறங்கிய பிறகு சாறு. சூடான கேக்கின் மேல் சர்க்கரை கரைத்த எலுமிச்சைச் சாற்றை ஊற்ற வேண்டும். அங்கேதான் புளிப்பு நாக்கில் ஏறும்.

அக்டோபர் 29, காலை 7.20

துருவும்போது மஞ்சள் மட்டும். அடியிலுள்ள வெள்ளைத் தோல் வந்தால் கேக் முழுக்கக் கசக்கும். ஒரே இடத்தில் இரண்டு இழுப்புக்கு மேல் இழுக்காதே, பழத்தைத் திருப்பிக்கொண்டே இரு.

அக்டோபர் 29, இரவு 8.40

இன்னொன்று. துருவலை மாவில் போடாதே, சர்க்கரையில் போட்டு விரலால் தேய். இன்று சாயங்காலம் இதற்காகவே ஒரு தடவை செய்து பார்த்தேன். 400 கிராம் சர்க்கரை, நாலு பழத்தின் துருவல். முதல் நிமிடம் ஒன்றும் தெரியவில்லை, சர்க்கரை சர்க்கரையாகவே இருந்தது. மூன்றாவது நிமிடத்தில் விரலில் ஈரம் தட்டியது. சர்க்கரை இளமஞ்சளாகி, கடற்கரையில் அலை வாங்கிப் போன மணல் மாதிரிக் கையில் பிடிபட ஆரம்பித்தது. மாடியிலிருந்த மகன் "என்னம்மா வாசம்?" என்று இறங்கி வந்தான். அடுப்புப் பற்றவைக்கவே இல்லை அப்போது. சர்க்கரைப் பரல்கள் எண்ணெய்ப் பைகளைக் கீறி உடைக்கின்றன, அம்மியில் வைத்து நசுக்குகிற மாதிரி.

நவம்பர் 2, மாலை

தங்கை மூன்றாவது தடவை செய்துவிட்டு எழுதியிருக்கிறாள். வாசம் தெருமுனை வரைக்கும் போனதாம், பக்கத்து வீட்டில் வந்து கேட்டார்களாம். ஆனால் கேக் திரும்பவும் ஒட்டிக்கொண்டது. "நீங்க சொன்ன மாதிரியே வெண்ணெய் அப்பி அப்பித் தடவினேன் அக்கா" என்கிறாள்.

என் தப்பு. முதல் நாள் எழுதியதை அழிக்காமல் விடுகிறேன், யாராவது அதை மட்டும் படித்துவிட்டுப் போகாமல் இதையும் படிக்க வேண்டும். வெண்ணெய் தடவாதே.

போன வருஷம் அலுவலகத்தில் ஒருவருக்கு வழியனுப்பு. கோபுரம் கோபுரமாக வரும் புது டின் ஒன்றில் எலுமிச்சை கேக் செய்தேன். கவிழ்த்தேன், அடிப்பாகம் மட்டும் வந்தது, கோபுரங்கள் உள்ளேயே நின்றுவிட்டன. டின் சரியில்லை என்று முடிவு கட்டி அதை அலமாரியில் ஏற்றிவிட்டேன். உன் கடிதத்தைப் படித்ததும் சந்தேகம் வந்து, நேற்று அதே டின்னை இறக்கி, ஒரே மாவைப் பாதி பாதியாக்கி இரண்டு தடவை வேகவைத்தேன். முதலில் வெண்ணெயும் மைதாவும். இரண்டாவது தடவை வனஸ்பதிப் பசை. வெண்ணெய் போட்டது பாதி கிழிந்தது. பசை போட்டது வழுக்கிக்கொண்டு இறங்கியது, கோபுரத்தின் நுனி வரைக்கும்.

வெண்ணெய் முழுக்கக் கொழுப்பு இல்லை. ஆறில் ஒரு பங்குபோலத் தண்ணீர், கொஞ்சம் பால் சத்து. அந்தப் பால் சத்து சூட்டில் சர்க்கரையோடு சேர்ந்து பசையாகிவிடுகிறது. ஒட்டாமலிருக்கத் தடவியதே ஒட்டவைக்கிறது.

நவம்பர் 2, இரவு

பசை: வனஸ்பதி (டால்டா) ஒரு பங்கு, எண்ணெய் ஒரு பங்கு, மைதா ஒரு பங்கு. மூன்றையும் கட்டியில்லாமல் குழைத்துவிடு. பாட்டிலில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. கையால் தடவினால் மடிப்புக்குள் போகாது. பிரஷ் வாங்கிக்கொள், நடுக்குழாயிலும் உச்சி வரை பூச வேண்டும், எல்லோரும் விட்டுவிடுவது அந்த இடத்தைத்தான். மாவு ஊற்றுவதற்குச் சற்று முன்னால் பூசு. முன்னமே பூசி வைத்தால் மதுரை வெயிலுக்கு இளகி வழிந்து அடியில் குளம் கட்டும்.

நவம்பர் 3

டின்னில் ஒட்டாமலிருக்க அடிக்கும் எண்ணெய் ஸ்ப்ரே பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். அதில் லெசித்தின் என்கிற கொழுப்புப் பொருள் இருக்கிறது, நாள்பட நான்ஸ்டிக் பூச்சின் மேல் பிசுபிசுப்பாகப் படிந்து, பிறகு எதைத் தடவினாலும் ஒட்ட ஆரம்பிக்கும். நான் விட்டுவிட்டேன்.

நவம்பர் 5, ஞாயிறு

"நடுவில் எதற்கு அக்கா ஓட்டை, அழகுக்கா?" இதைக் கேட்டது பதினோரு வயதுப் பிள்ளையாம், அம்மா சொல்லி எழுதியிருக்கிறார்.

கண்ணு, உளுந்து வடைக்கு எதற்கு ஓட்டை? வடை தடிமனாக இருக்கும், ஓட்டை போடாவிட்டால் வெளியே சிவந்து உள்ளே மாவாக நிற்கும். ஓட்டை வழியாக எண்ணெய் நடுவிலும் போய் வேகவைக்கிறது. இதுவும் அதே வேலை. பண்ட் கேக் மாவு கெட்டி, வெண்ணெயும் சர்க்கரையும் கனம். குழாய் வழியாகச் சூடு நடுவுக்குப் போகாவிட்டால் ஓரம் கருகிய பிறகுதான் நடு வேகும். மடிப்பு மடிப்பாக இருப்பதால் டின்னைத் தொடும் பரப்பும் கூடுகிறது, அதனால் சுற்றிலும் நல்ல பொன்னிறத் தோல் கிடைக்கும். அழகு சும்மா கிடைத்த லாபம்.

டின் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் நான் கொஞ்சம் நிறையப் பேசுவேன். நான் பதினாலு வருஷமாக இருக்கிற மினியாபொலிஸ்தான் அதன் சொந்த ஊர். ஆஸ்திரியா, ஜெர்மனிப் பக்கம் கூகல்ஹுப்ஃப் என்று ஒரு பலகாரம் உண்டு, ஈஸ்ட் போட்டுப் பொங்கவைத்து, உலர்திராட்சை சேர்த்து, நடுவில் குழாய் உள்ள மண் அச்சில் வேகவைப்பார்கள். 1950இல் இங்கே இருந்த ஹடாசா என்கிற யூதப் பெண்கள் சங்கத்துக்காரர்கள் டேவிட் டால்க்விஸ்ட் என்பவரிடம் போய், எங்கள் பாட்டிமார் வைத்திருந்த அச்சு மாதிரி ஒன்று உலோகத்தில் செய்து தர முடியுமா என்று கேட்டார்கள். அவர் மனைவியோடு சேர்ந்து 1946இல் தொடங்கிய கம்பெனிதான் நார்டிக் வேர். வார்ப்பு அலுமினியத்தில் ஊற்றிச் செய்து கொடுத்தார். 'பண்ட்' என்ற பேரின் கடைசியில் வரும் 'ட்' எழுத்தை வர்த்தகப் பெயராகப் பதிவு செய்வதற்காக அவர் சேர்த்தார்.

பதினைந்து வருஷத்துக்கு மேல் அது அப்படி ஒன்றும் விற்கவில்லை. 1966இல் பில்ஸ்பரி கம்பெனி நடத்திய பேக்கிங் போட்டியில் டெக்சாஸ் மாநிலத்து எலா ஹெல்ஃப்ரிச் என்ற அம்மா இந்த டின்னில் ஒரு சாக்லேட் கேக் செய்தார். வெட்டினால் உள்ளே சுரங்கம் மாதிரி இளகிய சாக்லேட் ஓடும். அவருக்குக் கிடைத்தது இரண்டாம் பரிசுதான். ஆனால் அந்த டின் எங்கே கிடைக்கும் என்று கேட்டு இரண்டு லட்சத்துக்கும் மேல் கடிதம் வந்ததாம். பாட்டி வீட்டு அச்சு வேண்டும் என்று கேட்டுப்போன அந்தப் பெண்களை நினைத்தால் எனக்கு மனது நிறைகிறது. நம் வீட்டில் அதிரசக் கட்டையும் முறுக்கு அச்சும் கை மாறி வருகிறதே, அந்த மாதிரித்தானே கேட்டிருக்கிறார்கள்.

நவம்பர் 6

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். "அப்படியானால் இது ஜெர்மன்காரர்கள் கேக்" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். அச்சின் உருவம் அங்கிருந்து வந்தது, கேக் இல்லை. கூகல்ஹுப்ஃப் ஈஸ்ட் போட்டது, ரொட்டிக்குப் பக்கத்தில் நிற்கும். எலுமிச்சை பண்ட் கேக் என்று நாம் செய்வது பவுண்ட் கேக்கின் வழி, வெண்ணெய், சர்க்கரை, முட்டை, மைதா என்று கிட்டத்தட்டச் சம எடை போட்டு அடித்த கேக். அதனால் 'பண்ட்' என்பது டின்னின் பேர், கேக்கின் பேர் இல்லை. அந்த டின்னில் ரவா கேக் ஊற்றினாலும் அது பண்ட் கேக்தான்.

நவம்பர் 11, இரவு

எலுமிச்சை விஷயத்தை ஒழுங்காகப் பேசாமல் போய்விட்டேன். நான் "நாலு பழம்" என்றது இங்கே கிடைக்கும் லெமன், முட்டையை விடப் பெரியது, தடித்த மஞ்சள் தோல், ஒன்றில் மூன்று மேசைக்கரண்டிச் சாறு. நம் ஊர் எலுமிச்சம்பழம் அதற்குத் தம்பி முறைதான், வேறு இனம். உருண்டை, தோல் காகிதம் மாதிரி.

எனக்கு இது புதிதில்லை. எங்கள் தாத்தாவுக்குப் புளியங்குடிப் பக்கம் எலுமிச்சைத் தோட்டம் இருந்தது. லீவுக்குப் போனால் நாங்கள் பொறுக்கிப் போட வேண்டும். முள் கிழித்த கையில் சாறு பட்டு எரியும், கிணற்றுத் தண்ணீரில் முக்கிக்கொண்டே நிற்போம். அப்போது பழத்தை முகர்ந்து பார்க்கச் சொல்லித் தாத்தா ஒன்று சொல்லிக்கொடுத்தார்: நகத்தால் தோலை லேசாகக் கீறு, வாசம் பட்டென்று வந்தால் அது முற்றின பழம், பச்சையாக நெடி அடித்தால் இன்னும் நாள் ஆக வேண்டும். கேக்குக்கும் அதே கணக்குதான். பச்சைக் காயைத் துருவினால் கசப்பு முந்திக்கொள்ளும். நன்றாக மஞ்சளாகப் பழுத்தது, தோல் சுருங்காதது, கனமானது வாங்கு. தோல் மெல்லிசு என்பதால் துருவலும் கொஞ்சமாகத்தான் வரும். இங்கே நாலு என்றால் உனக்குப் பத்துப் பழம். ஒரே இழுப்புத்தான், இரண்டாவது இழுப்புக்கே வெள்ளை வந்துவிடும்.

வாசம் கொஞ்சம் மாறும், ஆமாம். கூர்மையாக இருக்கும். எனக்கு அதுதான் பிடிக்கும்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு: கடையில் பளபளவென்று இருக்கும் பழத்தின் மேல் மெழுகு பூசியிருப்பார்கள். வெந்நீரில் போட்டு எடுத்துத் துணியால் அழுத்தித் தேய்த்துவிட்டுத் துருவுங்கள்.

நவம்பர் 12

அண்ணி ஊரிலிருந்து சொல்கிறார்: நார்த்தங்காய்த் தோலைத் துருவிப் போட்டாராம், வாசம் அமர்க்களமாம். வெள்ளைப் பகுதி தடியாக இருக்கும், பார்த்துச் செய்ய வேண்டும். அடுத்த தடவை ஊருக்குப் போனால் இதுதான் முதல் வேலை எனக்கு.

நவம்பர் 15

இன்று இங்கே பண்ட் கேக் நாள். எதிர்வீட்டுப் பாட்டிக்கு ஒன்று செய்து எடுத்துக்கொண்டு போனேன். என்னிடம் இருக்கும் பழைய வார்ப்பு டின் அவர் கொடுத்ததுதான். 1967இல் கல்யாணம் ஆனபோது இரண்டு பேர் அதே டின்னைப் பரிசாகக் கொடுத்துவிட்டார்களாம், ஒன்று பெட்டியிலேயே இருந்தது. கையில் எடுத்தால் நம் இருப்புச்சட்டி மாதிரிக் கனக்கும், உள்ளே எந்தப் பூச்சும் கிடையாது. ஒரு துண்டு சாப்பிட்டுவிட்டு, "சர்க்கரைப்பாகு ஊற்ற அவசரப்பட்டிருக்கிறாய், ஒரு பக்கம் ஈரமாக இருக்கிறது" என்றார். உண்மைதான். மூன்று தடவையாக ஊற்ற வேண்டியதை ஒரே தடவையில் ஊற்றிவிட்டேன்.

எல்லோரும் கேட்கிறார்கள், முழுதாக எழுதிவிடுகிறேன். பத்துக் கப் கொள்ளும் டின்னுக்கு.

மைதா 360 கிராம், பேக்கிங் பவுடர் அரைத் தேக்கரண்டி, சமையல் சோடா அரைத் தேக்கரண்டி, உப்பு முக்கால் தேக்கரண்டி, நாலையும் சேர்த்துச் சலித்து வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை 400 கிராமில் துருவலைத் தேய்த்து, 225 கிராம் வெண்ணெயோடு சேர்த்து பீட்டரால் ஐந்து நிமிடம் அடிக்க வேண்டும். நிறம் வெளுத்து, கனம் குறைந்து, பஞ்சு மாதிரி வரும். வெண்ணெய் எந்தப் பதத்தில் இருக்கிறது என்பதுதான் இங்கே எல்லாம். விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும், விரலில் எண்ணெய் மினுங்கக் கூடாது. 18, 20 டிகிரிதான் கணக்கு. இங்கே பனிக்காலத்தில் என் வெண்ணெய் கல்லாக நிற்கும், மதுரையில் உன்னுடையது பத்து நிமிடத்தில் இளகிவிடும். இளகிய வெண்ணெயில் காற்று நிற்காது. பாத்திரத்தை ஐஸ் தண்ணீரில் உட்காரவைத்து அடி.

முட்டை நாலு, ஒவ்வொன்றாக. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தவுடனே உடைத்து ஊற்றினால் கலவை திரிந்த பால் மாதிரி ஆகிவிடும், முன்கூட்டியே வெளியே எடுத்து வைக்க வேண்டும். அப்புறம் மைதாவை மூன்று பங்காகவும், 180 மில்லி பட்டர்மில்க்கும் நாலு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறும் கலந்ததை இரண்டு பங்காகவும் மாற்றி மாற்றிச் சேர்த்து, மாவு மறைந்ததும் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் கலக்கினால் ரப்பர். பட்டர்மில்க் என்பது நம் நீர்மோர் இல்லை, கெட்டியாக இருக்கும். கெட்டித் தயிர் மூன்று பங்கு, தண்ணீர் ஒரு பங்கு சேர்த்துக் கடைந்தால் அதே பதம்.

மாவு இட்லி மாவை விடக் கெட்டியாக, கரண்டியிலிருந்து பொத்தென்று விழ வேண்டும். டின்னில் முக்கால் அளவுக்கு மேல் வேண்டாம். துணி விரித்த மேடையில் டின்னை இரண்டு தட்டுத் தட்டினால் மடிப்பிலிருக்கும் காற்று வெளியேறும். 50 நிமிடத்திலிருந்து பார்க்க ஆரம்பியுங்கள். பல்குச்சி அடிவரை போகாது, கழுவிக் காயவைத்த ஈர்க்குச்சிதான் சரி.

வெளியே எடுத்ததும் பத்து நிமிடம். கடிகாரம் பார்த்துப் பத்து. உடனே கவிழ்த்தால் உடையும். அரைமணி விட்டால் சர்க்கரை இறுகி டின்னைப் பிடித்துக்கொள்ளும். போன் பேசிக்கொண்டு விட்டுவிட்டால் சூடான ஓவனில் ஐந்து நிமிடம் திரும்ப வைத்துவிட்டுக் கவிழ்க்கலாம்.

பாகு: நாலு மேசைக்கரண்டிச் சாறு, 60 கிராம் சர்க்கரை. சர்க்கரை கரைகிற அளவு சூடு போதும், கொதித்தால் காய்ச்சல் கஷாயம். ஈர்க்குச்சியால் குத்திவிட்டு, பிரஷால் மூன்று தடவை, ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஐந்து நிமிடம் விட்டு. முழுக்க ஆறின பிறகு 150 கிராம் ஐசிங் சுகரில் இரண்டு மேசைக்கரண்டிச் சாறு கலந்து மேலே. இட்லி மாவு பதத்தில் இருந்தால் மடிப்பின் வழியே மெதுவாக இறங்கிப் பாதியில் நிற்கும். தோசை மாவு பதமென்றால் தட்டில்தான் இருக்கும்.

நவம்பர் 15, இரவு 11.00

உப்பு! ஊரில் அமுல் வெண்ணெய் போடுபவர்கள் அந்த முக்கால் தேக்கரண்டி உப்பை விட்டுவிடுங்கள், சாதாரணப் பொட்டலத்தில் உப்பு ஏற்கெனவே இருக்கிறது.

நவம்பர் 16

தங்கையின் டின்னில் தண்ணீர் ஊற்றி அளக்கச் சொன்னேன். ஆறு கப்தான் பிடிக்கிறது! முழு அளவு ஊற்றினால் வழியத்தான் செய்யும். பாதி போடு, முட்டை இரண்டு, வசதியான கணக்கு. யார் டின் வாங்கினாலும் முதலில் தண்ணீர் ஊற்றி அளந்துவிடுங்கள்.

நவம்பர் 19

ஓவன் இல்லாதவர்களுக்கு, அண்ணி செய்கிற முறை. குக்கரில் கேஸ்கட்டும் வெயிட்டும் கழற்றிவிட்டு, அடியில் இரண்டு விரல் கனத்துக்குக் கல்லுப்பு, மேலே ஒரு ஸ்டாண்டு, பத்து நிமிடம் காயவிட்டு டின்னை வைத்து மூடி, தீயைச் சிறிதாக்கிவிடுகிறார். சின்ன டின்தான் உள்ளே போகும், வாங்கும் முன்னால் குக்கரின் உள்விட்டத்தை நூல் பிடித்துப் பாருங்கள். மேலே சிவக்காது. கவிழ்த்தால் அந்தப் பக்கம் அடியாகிவிடுகிறது, அதனால் இந்த டின்னுக்கு அது குறையே இல்லை.

நவம்பர் 25

180 டிகிரி என்று முதல் நாள் சொன்னதும் எல்லோருக்கும் பொருந்தவில்லை. தங்கை போன வாரம் செய்ததில் ஒட்டல் இல்லை, ஆனால் வெளித்தோல் காப்பிக்கொட்டை நிறம், கடித்தால் வறட்சி. அவள் டின் கறுப்பு. என்னுடையது வெள்ளி நிறம். கறுப்பு டின் சூட்டை வேகமாக இழுக்கும், வெயிலில் கறுப்புத் துணி சுடுகிற மாதிரி. கறுப்பென்றால் 160, நடுத்தட்டுக்கு ஒரு படி கீழே, பாதி அளவு மாவுக்கு 38ஆவது நிமிடத்திலிருந்து ஈர்க்குச்சி. ஓடிஜியின் (மேடை மேல் வைக்கிற சின்ன மின்சார ஓவன்) முள்ளையும் அப்படியே நம்பாதே, உள்ளே வைக்கிற தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வை. என் பழைய ஓவன் முள்ளில் காட்டியதை விட 15 டிகிரி கூடச் சுட்டது. இரண்டு வருஷம் அதைத் தெரியாமலே சமைத்திருக்கிறேன்.

டிசம்பர் 1

துருவி எது வாங்குவது என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். தேங்காய், கேரட் துருவி வேண்டாம், வெள்ளைத் தோலையும் சேர்த்துப் பிடுங்கும். நீளமாக, அரம் மாதிரி இருக்குமே, மைக்ரோபிளேன், அதுதான். மாதிரி என்ன, அது அரமேதான்! மரம் ராவுவதற்காகச் செய்த கருவி. 1994இல் கனடாவின் ஆட்டவாவில் மரவேலைச் சாமான் கடை வைத்திருந்தவரின் மனைவி லோரெய்ன் லீ, ஆரஞ்சு கேக்குக்குத் தோல் துருவ வராமல், கடையில் இருந்த அரத்தை எடுத்துத் துருவிப் பார்த்தாராம். பனித்தூள் மாதிரி விழுந்திருக்கிறது. அதற்குப் பிறகுதான் அது சமையலறைக்குள் வந்தது. அரத்தை மேலே வைத்துப் பழத்தின் மேல் இழு, துருவல் முதுகுப்பக்கத்தில் சேரும், எவ்வளவு வந்திருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும்.

டிசம்பர் 9, காலை

காலையில் எழுந்ததும் தங்கையின் படம் வந்திருந்தது. முழுசு! ஒரு மடிப்புகூட உடையவில்லை. பத்து நிமிடம் கழித்துக் கவிழ்த்ததும் ஒன்றும் நடக்கவில்லையாம், அழுகை வந்துவிட்டதாம், டின்னின் முதுகில் கரண்டியால் ரெண்டு தட்டுத் தட்டியிருக்கிறாள். "பொத்துன்னு ஒரு சத்தம் அக்கா, டின்னைத் தூக்கினா லேசா இருந்துச்சு, அப்பவே தெரிஞ்சிருச்சு." மாமியார் இரண்டு துண்டு சாப்பிட்டாராம், மூன்றாவதை மறுநாளைக்கு எடுத்து வைக்கச் சொன்னாராம். அது நல்ல யோசனை. பாகு உள்ளே பரவ ஒரு இரவு ஆகும், மறுநாள்தான் ருசி கூடும். மூடி வெளியிலேயே வை, ஃபிரிட்ஜில் வைத்தால் வெண்ணெய் இறுகிக் கேக் கட்டியாகிவிடும்.

டிசம்பர் 9, இரவு

தங்கையின் கடைசிக் கேள்வி: தோல் துருவின பழத்தையெல்லாம் என்ன செய்வது, ஃபிரிட்ஜில் வைத்தேன், இரண்டு நாளில் கட்டை மாதிரி ஆகிவிட்டது. தோல் போனால் பழம் சீக்கிரம் காய்ந்துவிடும், அன்றே பிழிந்துவிட வேண்டும். உன் பாதி அளவு கேக்குக்கு ஐந்து பழம் துருவுவாய். மாவுக்கும் பாகுக்கும் மேலே பூசுவதற்கும் சேர்த்து நாலு பழச் சாறு சரியாக இருக்கும். மிச்சம் ஒன்று. மறுநாள் மத்தியான டப்பாவுக்கு எலுமிச்சை சாதம், அடுப்பை அணைத்த பிறகு பிழி.